அஹோர்ன் தெருவில் ஹோர்ன் அடிக்காதவன்

பருத்தித்துறை வீதியில் நான் மினிபஸ் ஓடிய காலத்தில் என் வலது கை ஸ்டியரிங்கில் இருந்ததைவிட ஹோர்னில் இருந்ததே அதிகம். மாடு குறுக்கே வந்தால் அடிப்பேன். வராவிட்டால், ஏன் இன்னும் காணவில்லை என்று கேட்டு அடிப்பேன். தெரிந்தவரைக் கண்டால் சுகம் விசாரிக்க ஒரு சின்ன அடி, தெரியாதவரைக் கண்டால் ஏறச் சொல்லி ஒரு நீட்டு அடி. கோயிலைக் கடக்கும்போது கும்பிடக் கை ஒழியாது என்பதால் பிள்ளையாருக்கும் ஒன்று. அவர் கோபித்ததாகத் தெரியவில்லை. என் பஸ்ஸின் ஹோர்ன் நாலு ஸ்வரம் பாடும். அதைக் கேட்டுத்தான் சில வீடுகளில் உலை வைத்தார்கள்.

அப்படிப்பட்ட ஒருவனை டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்தில், ஒரு சின்னச் சிவப்புக் காருக்குள் இருத்தி, சத்தம் போடாமல் ஓடு என்றார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நானும் மனைவியும் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊர் லைசென்ஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, படம் வடிவாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். புதிதாகப் பழகிப் பரீட்சை எடுக்க வேண்டுமாம். எனக்கோ ஒரு சலவைச்சாலையில் வேலை காத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் படுக்கை விரிப்புகளை வான் வண்டியில் ஏற்றிக் கொடுத்துவரும் வேலை. முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்: திங்கட்கிழமை லைசென்ஸோடு வந்தால் வான் உனக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. பரீட்சை அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை.

எனக்கு ஓடப் பழக்கியவர் அறுபதை நெருங்கிய, நல்ல உடம்புள்ள ஒரு டேனிஷ் பெண்மணி. சின்னச் சுருட்டுப் புகைப்பார். ஊரிலும் பெண்கள் சுருட்டுப் பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் காருக்குள் கண்ணாடிகளை மூடிக்கொண்டு அல்ல. முதல் நாளே சைக்கிளில் போன ஒரு கிழவிக்கு, பழக்கதோஷத்தில், வழிவிடச் சொல்லி ஒரு அடி அடித்தேன். கிழவி வழிவிடவில்லை. சைக்கிளை நிறுத்தி, இறங்கி, ஸ்டாண்ட் போட்டு, எங்கள் காருக்கு நடந்துவந்து, உங்களுக்கு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார்.

அப்போதுதான் இந்த நாட்டில் ஹோர்ன் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. அது "ஐயோ" என்பதற்குச் சமம்.

அதன் பிறகு என் கை எழும்பும்போதெல்லாம் ஆசிரியை சுருட்டை வாயிலிருந்து எடுத்து, "நை. இக்க ஹோர்ன்," என்பார். நை என்றால் இல்லை. இக்க என்றால் வேண்டாம், கூடாது, அல்ல, அந்த வகைச் சொல். ஒரு நாள் நகரத்துக்கு வெளியே அமைதியான வீடுகள் உள்ள பகுதிக்குள் கார் திரும்பியது. யாரோ ஒரு பிள்ளையின் பந்து உருண்டு வந்தது. கை எழும்பியது. "இக்க ஹோர்ன்," என்று அவர் சுருட்டை முன்னால் நீட்டினார். சுருட்டு காட்டிய திசையில் பார்த்தேன். தெருமுனையில் ஒரு பெயர்ப்பலகை. Ahornvej. அஹோர்ன்வை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு நாளும் வாயால் சொன்னதை இங்கே எழுதியே வைத்திருக்கிறார்களே.

அன்று பின்னேரம் என் கண்டுபிடிப்பை வீட்டில் அரங்கேற்றினேன். கேட்க வந்திருந்தவன் என் நண்பன். எங்களோடு மொழிப் பள்ளிக்கு வருபவன், பெந்தெகொஸ்தே சபைக்காரன், அதே ஆசிரியையிடம் அதே சுருட்டுப் புகைக்குள் கார் பழகுபவன். அவனிடம் ஒரு குறை. நான் சொல்லும் பகிடிகளை உண்மை என்றும், உண்மைகளைப் பகிடி என்றும் எடுத்துக்கொள்வான்.

"மச்சான், டேனிஷ் ஒண்டும் கஷ்டமில்லை," என்றேன். "எங்கட மாதிரித்தான். நீதி, அநீதி. சைவம், அசைவம். ஹோர்ன், அஹோர்ன். முன்னால ஒரு அ போட்டால் சரி, அது இல்லை எண்டு அர்த்தம்."

"வை?"

"வை எண்டால் தெரு. அஹோர்ன்வை. ஹோர்ன் அடிக்கக் கூடாத தெரு."

அவன் யோசித்தான். வேதாகமத்தில் சந்தேகம் வந்தாலும் இதே முகம்தான். "அப்ப அம்மா எண்டால் மா இல்லாதவளோ?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஓம். முந்தநாள் தொடக்கம் இந்த வீட்டில மா இல்லை. ரெண்டு பண்டிதரில ஆராவது ஒராள் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

நானும் அவளுமாகத்தான் போனோம். அந்தத் தெரு வழியாகவே போனோம், பலகையைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் நிமிர்ந்து எழுத்துக் கூட்டினாள்.

"வை எண்டால் வைக்கச் சொல்லுறதெல்லே? ஹோர்னை வை எண்டு போட்டிருக்கு."

"எடுத்த கையை மடியில வை எண்டு போட்டிருக்கு."

"பக்கத்தில கிடக்கிறது? பியர்க்வை, எல்மவை, லின்டவை. அதெல்லாம் என்ன கூடாதாம்?"

"அது அந்தந்தத் தெருவில வீடு கட்டின ஆக்களின்ர பேர்," என்றேன், ஒரு கணமும் யோசிக்காமல். தெரியாததைச் சொல்லும்போது எனக்கு எப்போதுமே தடுமாற்றம் வருவதில்லை.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம் நின்றது. இலையுதிர் காலம். கீழே மஞ்சளும் சிவப்புமாய்க் கொட்டிக் கிடந்தது. அவள் குனிந்து ஓர் இலையை எடுத்து விரித்துப் பார்த்தாள். கனடாவிலிருந்து அவளுடைய தமையன் எழுதும் கடிதங்களின் முத்திரையில் இருக்கும் அதே இலை.

"இஞ்சருங்கோ, இது கனடா இலையெல்லே? எப்பிடி இஞ்ச வந்தது?"

"காத்தில வந்திருக்கும்."

"கனடாவிலயிருந்தோ?"

"ஓம். எயர் மெயில்."

அவள் இலையைக் கைப்பைக்குள் வைத்தாள். மரத்தை நான் பார்க்கவேயில்லை. ஒரு மனிதன் தன் கெட்டித்தனத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கும் மரம் எப்படிக் கண்ணில் படும்?

பரீட்சை நாள் காலை. ஊரில் பத்துப் பேர் ஏறும் பஸ்ஸில் முப்பது பேரை ஏற்றி, இரண்டு பேரைக் கூரையில் வைத்து, பாட்டும் பாடிக்கொண்டு ஓடியவன், ஒரு சின்னக் காரில் ஒரே ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டு நாலு தெரு சுற்றுவதற்குக் குளியலறைக்கும் கதவுக்குமாய் நடந்தேன். மனைவி நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். நண்பன் வந்து அதே நெற்றியில் கை வைத்து, கண்ணை மூடி, பக்கத்து வீட்டு டேனிஷ்காரருக்கும் கேட்கத்தக்கதாக ஜெபம் செய்தான். அவனுக்கு அடுத்த வாரம் பரீட்சை. எனக்குச் செய்வதோடு தனக்கும் சேர்த்துச் செய்தான் என்று நினைக்கிறேன். கையை எடுக்கும்போது பாதித் திருநீறு அவனோடு போய்விட்டது.

பரீட்சகர் நெடிய, மெலிந்த மனிதர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். சொற்களை எண்ணித்தான் செலவழிப்பார் போல. எனக்குப் பக்கத்தில் அவர். பின் இருக்கையில் ஆசிரியை, பற்ற வைக்காத சுருட்டை உதட்டில் வைத்தபடி. பரீட்சையில் அவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அதற்குத்தான் சுருட்டு.

"வலது," என்றார் பரீட்சகர். நான் திருப்பு விளக்கைப் போட்டேன். போட்டது திருப்பு விளக்கு அல்ல, கண்ணாடி துடைக்கும் வைப்பர். அது காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று ஆடியது.

"மழையா?" என்று கேட்டார்.

"வரும்," என்றேன்.

டென்மார்க்கில் இது எப்போதும் சரியான விடை. அவர் வானத்தைப் பார்த்துத் தலையாட்டினார். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் பாலத்தைக் கடந்து, சுற்றுவட்டத்தைச் சுற்றி, சைக்கிள்காரர் எல்லாரையும் உயிரோடு விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன். ஒரு தடவைகூட ஹோர்ன் அடிக்கவில்லை. பின்னால் ஆசிரியை மூச்சு விடுவது கேட்டது.

அப்போது பரீட்சகர் சொன்னார், "அடுத்தது இடது. அஹோர்ன்வை."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. ஆகா, இதுதான் கடைசிக் கண்டம். ஹோர்ன் பைத்தியம் ஒருவன் வருகிறான் என்று யாரோ இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்கென்றே இந்தத் தெருவுக்குக் கூட்டி வருகிறார். மகனே, மாட்ட மாட்டேன். தெருவுக்குள் திரும்பியதும் வலது கையை எடுத்து ஸ்டியரிங்கின் அடி விளிம்பில், ஹோர்னுக்கு எட்டாத இடத்தில், வைத்துக்கொண்டேன்.

தெருமுனையை ஒட்டிய முதல் வீட்டு வாசலிலிருந்து ஒரு பழைய கார் பின்பக்கமாக வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு இழுவைப் பெட்டி, அது நிறையக் கூட்டி அள்ளிய இலைகள். ஓட்டியவர் ஒரு கிழவர். இலைக்குவியல் மறைத்ததால் பின்னால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பிரேக் பிடித்து நின்றேன். அவர் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தார், மிக மெதுவாக, நிதானமாக, என் லைசென்ஸை நோக்கி. பின்னுக்கு எடுக்கலாம் என்று கண்ணாடியில் பார்த்தால், ஒரு பேக்கரியின் பாண் வான் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

"ஹோர்ன்," என்றார் பரீட்சகர்.

பொறி. இது பொறிதான். மனிதன் சொல்வதைக் கேட்கிறேனா, பலகை சொல்வதைக் கேட்கிறேனா என்று பார்க்கிறார். பலகை பெரிதா ஆள் பெரிதா என்று வீதிச் சட்ட வகுப்பில் படிப்பித்த நாளில் நான் கடைசி வரிசையில் இருந்து பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம் இப்போது இழுவைப் பெட்டியோடு வருகிறது.

"நை," என்றேன், நடுங்கும் மரியாதையோடு. விரலை நீட்டித் தெருமுனைப் பலகையைக் காட்டினேன். "அஹோர்ன்."

பரீட்சகர் என் விரல் போன திசையில் பார்த்தார். பலகைக்கு மேலே அந்தப் பெரிய மரம்.

"யா," என்றார். "அஹோர்ன். மென் ஹோர்ன்."

ஓம், அஹோர்ன்தான், ஆனால் ஹோர்ன். இதற்கு என்ன அர்த்தம்? இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறார், அடி என்றும் சொல்கிறார். நான் விதியோடு நிற்பதா, அவரோடு நிற்பதா என்று தத்தளித்த நேரத்தில் இழுவைப் பெட்டி முன் கண்ணாடியை நிறைத்துவிட்டது. இலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

கண்ணாடியை இறக்கினேன். தலையைக் கழுத்துவரை வெளியே போட்டேன். பருத்தித்துறை வீதி முழுக்கத் தெரிந்த குரலில் கத்தினேன்.

"அப்பு, நில்லணை. பின்னால பாரணை."

கிழவருக்கு யாழ்ப்பாணத் தமிழ் தெரியாது. ஆனால் நின்றார். எங்களுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. இறங்கி வந்து அந்தச் சாணை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டு "தக்" என்று நன்றி சொன்னார். முன்னால் இழுத்துப் போய் வாசலுக்குள் விட்டுவிட்டு வந்து, ஒரு சாக்கில் இலை அள்ளத் தொடங்கினார். அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. "ஓரமாக நிறுத்து," என்றார் பரீட்சகர். அந்த மரத்தின் கீழேயே நிறுத்தினேன். பாண் வானும் என்ன நடக்கிறதென்று பார்க்கப் பின்னாலேயே நின்றது.

"ஏன் ஹோர்ன் அடிக்கவில்லை?"

என்னிடம் இருந்த டேனிஷ் முழுவதையும் கொட்டினேன். எங்கள் மொழியில் அ என்றால் இல்லை. ஹோர்ன், அஹோர்ன். பலகையில் போட்டிருக்கிறது. நான் சட்டத்தை மதிக்கிறவன். திங்கட்கிழமை வேலை. இந்த நாலு விஷயங்களும் அதே ஒழுங்கில்தான் வந்தன என்று இல்லை.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சுருட்டு ஆசிரியையின் உதட்டிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் விழுந்த சத்தம். அதைத் தொடர்ந்து அவருடைய பெரிய உடம்பு குலுங்கியதில் கார் முழுவதும் ஆடியது. வாய் திறக்கக் கூடாது என்ற விதியை அவர் மீறவில்லை. கைக்குட்டையால் வாயை அடைத்துக்கொண்டே சிரித்தார்.

பரீட்சகர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து, வெளிக்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஓர் இலையைப் பிய்த்தெடுத்து என் முன்னால் பிடித்தார்.

"அஹோர்ன்," என்றார். பிறகு அந்த இலையால் மேலே மரத்தைக் காட்டினார். "அஹோர்ன்."

நான் இலையைப் பார்த்தேன். மூளையில் மெதுவாக விடிந்தது. "கனடா," என்றேன்.

"நை. டென்மார்க்."

அந்தக் காருக்குள் அப்போது ஒரு குழி கிடைத்திருந்தால் நான் இறங்கி, இலையால் மூடிக்கொண்டு படுத்திருப்பேன். மரம். மரத்தின் பெயர். அஹோர்ன் ஒரு மரம். அப்படியானால் பியர்க்கும் எல்மும் லின்டும் வீடு கட்டினவர்கள் அல்ல, அவையும் மரங்கள். ஊருக்குள் புதிதாக வந்த எத்தனை தமிழ்ச் சனத்துக்கு இந்த அ பாடத்தை நடத்தியிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் சலவைச்சாலை வான் வேறொருவன் ஓட, எனக்குக் கையசைத்துக்கொண்டு போனது.

"என்ன கத்தினாய்?" என்று பரீட்சகர் கேட்டார்.

சொன்னேன். பின்னால் பாருங்கள், தாத்தா.

"அவர் உன் தாத்தாவா?"

"இல்லை. ஆனால் அந்த வயதுக்கு வந்தால் எங்களுக்கு எல்லாரும் அப்புதான்."

அவர் இலையைக் காம்பில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். சொற்களைச் செலவழிக்கப் போகிறார் என்று தெரிந்தது. "நேரத்துக்கு நின்றாய். பின்னால் பார்த்தாய். மற்றவரை எச்சரிக்க வேண்டும் என்பது விதி, எச்சரித்தாய். எந்த மொழியில் எச்சரிக்க வேண்டும் என்று விதியில் இல்லை." இலையால் ஸ்டியரிங்கைத் தட்டி, "ஆனால் உனக்கு ஹோர்ன் எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்று நான் இன்னும் பார்க்கவில்லை. அடி."

"இங்கேயா?"

"இங்கே."

மாதக்கணக்காக அடக்கி வைத்த கை. அதற்கு ஒரு சின்ன "பீப்" போதும் என்று மூளை சொன்னது, கை கேட்கவில்லை. நெல்லியடிச் சந்தியைக் கண்டதுபோல எழும்பி, ஒரு ஸ்வரம் மட்டுமே தெரிந்த அந்தப் பாவப்பட்ட டேனிஷ் ஹோர்னில் என் பழைய நாலு ஸ்வரத்தையும் தாளத்தால் பாடியது. பாஅஅ, ப, ப, பாஅஅம்.

தெரு முழுக்க யன்னல் சீலைகள் விலகின. கிழவர் சாக்கைக் கீழே போட்டார். எங்கோ ஒரு நாய் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் குரைப்பதற்கு ஒரு காரணம் கண்டது. இதெல்லாம் அடங்கிய பிறகு, பின்னால் நின்ற பாண் வானிலிருந்து பதிலுக்கு ஒரு "பாம்" வந்தது. டென்மார்க்கில் எனக்காக அடிக்கப்பட்ட முதல் ஹோர்ன் அது.

"இக்க சோ மெயெ," என்றார் ஆசிரியை, கைக்குட்டைக்குள்ளிருந்து. இவ்வளவு வேண்டாம்.

பரீட்சகர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் இறங்கிப் போகும்போது அந்த இலையைக் கோட்டுப் பொக்கற்றில் கைக்குட்டைபோலச் செருகியிருந்ததைக் கண்டேன்.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னதும் மனைவி முதலில் கைப்பையைத் திறந்து தன் இலையை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு மொழிப் பள்ளி நூலகத்தில் இரவல் வாங்கிய பெரிய டேனிஷ் அகராதியை விரித்தாள். அவளுக்கு டேனிஷ் என்னைவிட வேகமாக ஏறியது; பகிடி விடாதவர்களுக்கு அப்படித்தான். அஹோர்ன் என்றால் மேப்பிள் மரம்; சொல் ஜெர்மன் பக்கமிருந்து வந்ததாம். அதன் பழைய வேருக்குக் கூர்மை என்று அர்த்தமாம், இலையின் முனைகள் கூராக இருப்பதால். அதில் ஹோர்னும் இல்லை, இல்லை என்ற அ-வும் இல்லை.

"நீங்கள் எங்கட தமிழிலயே நிண்டிருக்கலாம்," என்றாள். "ஹோர்ன் எண்டால் கொம்பு. மாட்டிலயும் கொம்பு, மரத்திலயும் கொம்பு, ஊதுறதும் கொம்பு. அப்பிடி யோசிச்சிருந்தால் மரம் எண்டு பிடிபட்டிருக்கும்."

"பிழையான வழியால சரியான இடத்துக்குப் போயிருப்பன்."

"ஓம். ஆனா உங்களுக்குத்தான் தலையில கொம்பு முளைச்சிருக்கே."

அகராதியில் இன்னொன்றும் இருந்தது. அஹோர்ன் வந்தேறிய சொல். இந்த மரத்துக்கு டேனிஷ்காரரின் சொந்தச் சொல் லொன். அதே லொன் என்ற ஓசைக்குச் சம்பளம் என்றும் பொருள். பழைய பேச்சில் இரகசியம் என்றும். மூன்றும் வெவ்வேறு வேரிலிருந்து புறப்பட்டு வந்து ஒரே சொல்லில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, என் மினிபஸ்ஸில் சனம் நின்றதுபோல.

நண்பனுக்கு அடுத்த வாரம் பரீட்சையல்லவா, ஓடிப்போய் அவனிடம் உண்மையைச் சொன்னேன்.

"மச்சான், அஹோர்ன் எண்டால் ஹோர்ன் இல்லையெண்டு இல்லை. அது ஒரு மரம். அதுக்கு இன்னொரு பேர் லொன். லொன் எண்டால் மரம், சம்பளம், இரகசியம்."

அவன் மூன்று விரலை மடக்கி எண்ணினான். "மூண்டும் ஒண்டோ?"

"ஓம்."

"முதல் சொன்னது நம்பக்கூடியதா இருந்தது," என்றான். "இப்பதான் பகிடி விடுறாய்."

எவ்வளவு மன்றாடியும் அவன் மாறவில்லை. அடுத்த வாரம் அஹோர்ன்வைக்குள் வாய் மூடி, கை மூடி, ஊர்ந்து போய்ப் பாஸ் பண்ணிவிட்டான். இப்போதும் அந்தத் தெருவில் ஹோர்ன் அடிக்க மாட்டான். அவன் கார்ச் சாவியில் ஒரு சின்னச் சிலுவை தொங்குகிறது. அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே திரும்புவான்.

திங்கட்கிழமை நான் சலவைச்சாலைக்குப் போனேன். வான் எனக்குத்தான் கிடைத்தது. வெள்ளை விரிப்புகளை ஏற்றிக்கொண்டு ரண்டர்ஸின் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு மாதம் முழுக்கச் சத்தமில்லாமல் ஓடினேன். மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும் வழியில் அந்த மரத்தின் கீழே வானை நிறுத்தினேன். இலை அநேகமாகக் கொட்டி முடிந்திருந்தது. தேடி, கிழியாத ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்த மனைவியிடம் பவ்வியமாக இரண்டு கையாலும் நீட்டினேன். "இந்தாரும், லொன் வந்திட்டுது."

அவள் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள், முன்பு கவுண்டரில் இருந்த பெண் என் லைசென்ஸைப் பார்த்ததுபோல. பிறகு திருப்பி என் கையிலேயே வைத்தாள்.

"நல்லது. இதைக் கொண்டுபோய்க் கடையில குடுத்து மா வாங்கிக்கொண்டு வாங்கோ."